பதினொரு விநாடி

விளாச்சேரிக்குப் பின்னால் மூடிக்கிடந்த பஞ்சுக் கிடங்குக்குள்
தீயைக் குழாயில் கொண்டுவந்திருந்தார்கள்.
திருகினால் எரியும், திருகினால் அணையும்,
புகையே இல்லாத தீ.
"புகை வந்தா முகம் தெரியாது மேடம்"
என்றான் உதவி இயக்குநன்.

அரசாணையும் கட்டணமும் ஒழுங்காக இருந்தன.
ஒரு வண்டி, நாலு ஆட்கள், நிலைய அலுவலராக நான்,
நிஜத்தில் பற்றிக்கொண்டால் அணைப்பதற்காக
வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம்.

கனல்விழி வந்தாள்.
தொடரில் அவளுக்கு அந்தப் பெயர்.
நல்ல பெண். என் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி
"இவ்ளோ கனமாக்கா" என்று கழுத்தைத் தடவினாள்.
அவளுக்குத் தந்தது பிளாஸ்டிக்.
அதையும் இடுப்பில் இடுக்கச் சொன்னார்கள்,
முடி பறக்க வேண்டுமாம்.

என் முடி
வலைக்குள், ஹெல்மெட்டுக்குள்
பதினாறு வருஷமாக வியர்க்கிறது.

எட்டரை மணிக்குத் தீ
சொந்தக்காரர் வீட்டில்தான் பிடிக்கும்.
உள்ளே மாமியார். வெளியே
விவாகரத்துப் பத்திரத்தோடு புருஷன்.
எனக்குப் போன வாரம் வந்தது
ஆரப்பாளையத்தில் வாஷிங் மெஷினுக்குள் சாரைப்பாம்பு.
வீட்டுக்காரர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்:
"ஆள் யாரும் வரலையா?"

சென்னையிலிருந்து வரவேண்டிய சண்டைக்காரப் பெண்
திருச்சியிலேயே பஸ் பழுதாகி உட்கார்ந்திருந்தாள்.
வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.
பரங்குன்றத்து மலை சிவந்து கறுத்தது.
"உங்க முதுகு மட்டும் போதும் மேடம்."

மாவட்ட அலுவலரிடம் கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.

மெதுவாக நடக்கச் சொன்னார்கள்.
தீக்குள் நாங்கள் நடப்பதே இல்லை, தம்பி.
தவழ்வோம்.
புறங்கையால் சுவரைத் தடவித் தடவி,
உள்ளங்கையை மிச்சம் வைத்து.
"தவழ்ந்தா ஹீரோயின் மாதிரி இருக்காதே" என்றான்.
நடந்தேன். நாலு தடவை.
நாலாவது தடவை
குனியத் துடித்த முழங்காலை
பல்லைக் கடித்து நிமிர்த்தி.

வியாழக்கிழமை ஒளிபரப்பினார்கள்.
ஓய்வறையில் டிரைவர் காஜாமைதீன் எண்ணினார்:
"பதினோரு செகண்டு மேடம் நீங்க."
பன்னிரண்டாவதில் முதுகு திரும்பியது,
கனல்விழியின் முகம்.
இரண்டு கன்னத்திலும் ஒரே அளவில்
கண்மைக் கரி.
எங்கள் வீட்டில் அந்நேரம் கரண்ட் இல்லை.

சனிக்கிழமை நிலையத்துக்குப் போன் வந்தது.
கருமாத்தூர், ஒச்சம்மா.

எண்பது அடிக் கிணறு. இரண்டு வருஷம் இருக்கும்.
வலை பாறையில் மாட்டிக் கிழிந்ததால்
அவளை முதுகில் கட்டிக்கொண்டு கயிற்றில் ஏறினேன்.
மேலே இருந்தவர்கள்
விழுந்தாள் என்றார்கள், குதித்தாள் என்றார்கள்.
"கால் தவறி" என்று
அறிக்கையில் எழுதியது நான்தான்.

"டீவியில ஒங்களப் பாத்தேன்."

"அது நடிகைம்மா. கனல்விழி."

"மூஞ்சியச் சொல்லல தாயி.
ஒங்க மூஞ்சிய நான் எங்க பாத்தேன்?
மேல வந்ததும் துணியப் போட்டு மூடி
ஆம்புலன்ஸுல ஏத்திட்டாக.
அந்த முதுகத்தான்
எம்பது அடியும் பாத்துக்கிட்டே வந்தேன்.
எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்கும்ல?"

இருக்கும்.
அந்தக் கிணற்றுக்குப் பிறகுதான் அப்படி.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பின்னால் குக்கர் விசில் கேட்டது,
யாரோ ஒரு கிழவியின் இருமல் கேட்டது.
குரலைத் தாழ்த்தினாள்:

"அந்த மாமியாக்காரி
பொழச்சுக்கிருவாளா?"

எந்தப் பதிலுக்காகக் கேட்கிறாள் என்று
குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"திங்கக்கிழமை போடுவாங்கம்மா" என்றேன்.